காத்திருப்பதற்கு எதற்குக் கட்டணம்?

ஒரு கணிப்பொறி விளையாட்டுக்காக இருபது வருடம் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னால், நம் சங்கத்து மூத்தவர்களில் பலர் சிரிப்பார்கள். "வேறு வேலை இல்லாதவர்கள்" என்று ஒரே வார்த்தையில் முடித்தும் விடுவார்கள். ஆனால் அப்படிச் சொல்பவர்களும் ஒரு காலத்தில் வாரப் பத்திரிகைத் தொடர்கதையின் அடுத்த அத்தியாயத்துக்காகத் தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்துக்கொண்டு வாசலில் நின்றவர்கள்தாம். ஆவலோடு காத்திருப்பது கேலிக்குரிய காரியம் அல்ல. அது ரசனையின் ஒரு பகுதி. என் சண்டை அதோடு இல்லை. அந்த ஆவலையே ஒரு சரக்காக்கி, பொருள் கைக்கு வருவதற்கு முன்பே நம்மிடம் விற்றுக் காசாக்குகிறார்களே, அந்த வியாபாரத்தோடுதான்.

இதைச் சொல்ல எனக்கு மிகவும் பிடித்த 'ஹோம்வேர்ல்டு' விளையாட்டையே எடுத்துக்கொள்கிறேன். பிடிக்காத ஒன்றை வைத்துக் குறை சொல்வது சுலபம். அதில் நியாயம் இருக்காது.

இது எந்த வகை விளையாட்டு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சதுரங்கத்திலும் ஆடுபுலி ஆட்டத்திலும் ஒருவர் காயை நகர்த்திய பிறகுதான் மற்றவர் நகர்த்த வேண்டும். நிகழ்நேர வியூக விளையாட்டுகளில் இந்த முறை கிடையாது. நீங்கள் தாடையைத் தடவிக்கொண்டு யோசிக்கும் நேரத்தில் எதிராளி படை திரட்டிவிடுவான். பொருள் சேர்ப்பது, படை கட்டுவது, ஒற்றறிவது, தாக்குவது எல்லாம் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். 1992இல் வந்த 'டியூன் 2' இந்த வகைக்கு ஓர் உருவம் கொடுத்தது. 'கமாண்ட் அண்ட் கான்கர்' (1995), 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' (1997), 'ஸ்டார்கிராஃப்ட்' (1998) ஆகியவை அதை உலகம் முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்தன. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. அதுதான் தரை. பெயரில் நட்சத்திரத்தை வைத்திருக்கும் 'ஸ்டார்கிராஃப்ட்'டில்கூடச் சண்டை நடப்பது மேஜை விரிப்பைப் போன்ற ஒரு தட்டையான பரப்பின் மேல்தான்.

அந்தத் தரையை உருவி எடுத்தது 'ஹோம்வேர்ல்டு'. கனடாவின் வான்கூவர் நகரில் 1997இல் சில இளைஞர்கள் தொடங்கிய 'ரெலிக்' நிறுவனம் அதை உருவாக்கியது. 'சியர்ரா' நிறுவனம் 1999 செப்டம்பர் 28 அன்று வெளியிட்டது. விண்வெளியில் மேல் ஏது, கீழ் ஏது? கப்பல்கள் எந்தத் திசையிலும் போகலாம். எதிரி உங்கள் தலைக்கு மேலிருந்தும் வரலாம், காலுக்குக் கீழிருந்தும் வரலாம். ஒரு கப்பலை எங்கே அனுப்ப வேண்டும் என்பதை முதலில் ஒரு தட்டின் மேல் குறிக்க வேண்டும். பிறகு ஒரு விசையை அழுத்திக்கொண்டே அந்தப் புள்ளியை உயரத்திலோ ஆழத்திலோ நகர்த்த வேண்டும். முதல் அரை மணி நேரம் தலை சுற்றும். பழகிவிட்டாலோ பழைய தட்டைப் போர்க்களங்கள் ஓலைப் பாயில் வரைந்த கோலமாகத் தோன்ற ஆரம்பித்துவிடும்.

ஆனால் ரசிகர்கள் இருபது வருடம் காத்திருந்தது இந்தத் தொழில்நுட்பத்துக்காக மட்டும் அல்ல. கதைக்காகவும்தான். காரக் என்னும் பாலைவனக் கிரகத்தில் வாழும் மக்கள், மணலுக்கு அடியில் ஒரு பழங்காலக் கப்பலின் சிதைவைக் கண்டெடுக்கிறார்கள். அதற்குள் ஒரு கல். அந்தக் கல்லில் விண்மீன் மண்டலத்தின் வரைபடமும், அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதைச் சொல்லும் ஒரு பெயரும் இருக்கின்றன. ஹீகாரா. அவர்கள் மொழியில் 'நம் வீடு' என்று அர்த்தம். தலைமுறைகள் உழைத்து ஒரு தாய்க்கப்பலைக் கட்டுகிறார்கள். காரன் ஸ்ஜெட் என்னும் பெண் விஞ்ஞானி தன் உடலையும் மூளையையும் அந்தக் கப்பலோடு இணைத்துக்கொண்டு அதன் தளபதியாகிறார். முதல் சோதனை ஓட்டத்தை முடித்துக்கொண்டு திரும்பி வந்து பார்த்தால் கிரகமே எரிந்துகொண்டிருக்கிறது. அவர்கள் மறந்தே போன ஒரு பழைய உடன்படிக்கையை மீறிவிட்டார்களாம், அதற்குத் தண்டனையாம். மேலே மிதக்கும் பெட்டகங்களில் உறைநிலையில் தூங்கும் 6 லட்சம் பேர்தான் மிச்சம். எதிரி அவற்றையும் சுட்டுக்கொண்டிருக்கிறான். பின்னணியில் அமெரிக்க இசையமைப்பாளர் சாமுவேல் பார்பர் எழுதிய மெதுவான ஒரு இசைக்கோவையைக் குழுவினர் பாடும் வடிவம் ஒலிக்கிறது. அந்தக் கட்டத்தில் யாரும் வெற்றிக்காக விளையாடுவதில்லை. அந்தப் பெட்டகங்களில் ஒன்றையாவது காப்பாற்றிவிட வேண்டுமே என்ற பதைப்புத்தான் விளையாட வைக்கிறது.

இன்னொரு சிறப்பும் உண்டு. அக்காலத்து விளையாட்டுகளில் ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பழைய படை மறைந்துவிடும்; அடுத்த கட்டத்தைப் புதிதாகத் தொடங்குவோம். இதில் அப்படி இல்லை. தப்பிப் பிழைத்த கப்பல்கள்தாம் அடுத்த கட்டத்துக்கு வரும். இழந்தது இழந்ததுதான். ஆகவே ஒவ்வொரு சிறு கப்பலும் நமக்கு வேண்டியதாகிவிடும். கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் குடும்பஸ்தனின் மனநிலை தானாக வந்துவிடும். கதையில் அந்த மக்களுக்கு இருக்கும் தட்டுப்பாட்டை விளையாடுகிறவர் தன் கையாலேயே உணர்கிறார். கதையும் விளையாட்டின் விதியும் இப்படி ஒன்றையொன்று தாங்கிப் பிடிப்பது அபூர்வம். இருபது வருட ஏக்கத்துக்குக் காரணம் இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

பிறகு நடந்தது வியாபார உலகத்தின் கதை. 2003இல் இரண்டாம் பாகம் வந்தது. அடுத்த வருடம் ரெலிக் நிறுவனத்தை 'டி.எச்.க்யூ.' வாங்கியது, பின்னர் 'ஹோம்வேர்ல்டு' உரிமையும் அதன் கைக்கு வந்தது. மூன்றாம் பாகம் மட்டும் வரவில்லை. 2012 டிசம்பரில் டி.எச்.க்யூ. திவாலானது. 2013இல் அதன் சொத்துகள் ஏலத்துக்கு வந்தன. ரெலிக் நிறுவனத்தை 'சேகா' 2 கோடியே 66 லட்சம் டாலருக்கு எடுத்தது. 'ஹோம்வேர்ல்டு' என்னும் பெயரையும் உரிமையையும் 'கியர்பாக்ஸ்' 13.5 லட்சம் டாலருக்கு எடுத்தது. 2015இல் முதலிரண்டு பாகங்களும் புதுப்பிக்கப்பட்டு வெளியாயின. பழைய ரெலிக் ஆட்கள் சிலர் சேர்ந்து வான்கூவரில் தொடங்கிய 'பிளாக்பேர்ட் இன்டராக்டிவ்' நிறுவனம், காரக் பாலைவனத்தில் நடக்கும் ஒரு முன்கதையை 2016இல் தந்தது. ரசிகர்களின் ஆவல் மறுபடி பற்றிக்கொண்டது.

2019 ஆகஸ்டில் மூன்றாம் பாகம் வரப்போவதாக அறிவித்தார்கள். கூடவே 'ஃபிக்' என்னும் தளத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்டும் ஏற்பாடும் தொடங்கியது. அதில் நிர்ணயித்த இலக்கு எவ்வளவு தெரியுமா? 1 டாலர். அச்சுப்பிழை இல்லை, ஒரே ஒரு டாலர்தான். அதாவது விளையாட்டை உருவாக்க அவர்களுக்கு நம் பணம் தேவைப்படவில்லை. ரசிகர்களை ஆரம்பத்திலிருந்தே உடன் அழைத்துச் செல்லத்தான் இந்த ஏற்பாடு என்றார்கள். சேர்ந்த தொகையோ சுமார் 15 லட்சம் டாலர். ஆறு வருடம் முன்பு அந்தப் பெயரை ஏலத்தில் எடுக்கக் கொடுத்த விலையைவிட அதிகம்! பெயருக்குக் கம்பெனி கொடுத்ததை விட, அந்தப் பெயரின் மேல் தாங்கள் வைத்த அன்புக்கு ரசிகர்கள் கொடுத்த விலை பெரிது. இந்தக் கணக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையும் வருகிறது, சங்கடமும் வருகிறது.

வெளியீட்டுத் தேதிக்கு வருவோம். 2022 இறுதியில் என்றார்கள். பிறகு 2023இன் முதல் பாதி. பிறகு 2024 பிப்ரவரி. பிறகு மார்ச் 8. கடைசியாக 2024 மே 13 அன்று வந்தேவிட்டது. படம் பிரமாதம். விண்வெளியில் மிதக்கும் ராட்சதச் சிதைவுகளுக்கு நடுவே கப்பல்கள் புகுந்து புறப்படும் காட்சி கண்ணை விட்டு அகலாது. முதல் பாகத்துக்கு இசையமைத்த பால் ரஸ்கேயே இதற்கும் இசை தந்திருந்தார். ஆனால் கதையை விமரிசகர்களும் ரசிகர்களும் பெரும்பாலும் ஏற்கவில்லை. ஒரு மக்கள் கூட்டத்தின் வாழ்வா சாவா என்று நடந்த கதை, இரண்டு மூன்று முகங்கள் நெருக்கத்தில் நின்று பேசிக்கொள்ளும் கதையாகச் சுருங்கிப்போயிற்று. காரன் ஸ்ஜெட்டின் வழித்தோன்றலான இமோஜென் ஒரு பக்கம், எதிரி அரசி ஒருத்தி மறுபக்கம் என்று வசனம் போனது. எரியும் கிரகத்தைப் பார்த்துக் கலங்கியவர்கள் இங்கே கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். அடுத்த ஓராண்டுக்கு என்று போட்டிருந்த கூடுதல் பகுதிகளின் திட்டமும் சுருக்கப்பட்டது. 2024 நவம்பரில் வந்த மேம்பாட்டோடு புதிய சேர்ப்புகள் நின்றுபோயின.

உருவாக்கியவர்களைத் திட்டுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அவர்கள் உழைப்பு ஒவ்வொரு கப்பலின் இணுக்கிலும் தெரிகிறது. நான் கேட்பது வேறு. முன்பணம் கட்டியவர்கள் எதற்காகக் கட்டினார்கள்? ஐந்து வருடமாக முன்னோட்டப் படங்களில் காட்டியது கப்பல்களை, வெடிப்புகளை, வெளிச்சங்களை. அவை எல்லாமே சொன்னபடி வந்தன. யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் ரசிகர்கள் காத்திருந்தது அவற்றுக்காக அல்ல. 1999இல் அந்தப் பெட்டகங்களைக் காப்பாற்றப் போராடியபோது நெஞ்சில் எழுந்த பதைப்புக்காக. அதை எந்த முன்னோட்டத்திலும் காட்ட முடியாது. எந்த விளம்பரத்திலும் எழுத முடியாது. உருவாக்குகிறவருக்கே அது வாய்க்குமா வாய்க்காதா என்று கடைசி வரை தெரியாது. ஆக, முன்கூட்டிப் பணம் கட்டும்போது புதிய விளையாட்டை நாம் வாங்குவதில்லை. பழைய விளையாட்டைப் பற்றிய நம் ஞாபகத்தையே காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறோம். அது ஏற்கெனவே நம்முடையதுதானே!

முன்பதிவு என்ற சொல்லையே கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போக மாதங்களுக்கு முன்பே ரயிலில் இடம் பிடிக்கிறோம். ஏன்? பெட்டியில் இருப்பதோ எண்ணி வைத்த படுக்கைகள்; நாம் பிடிக்காவிட்டால் வேறொருவர் பிடித்துவிடுவார். கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் தருகிறோம். ஏன்? அந்த முகூர்த்தத்தில் அந்த மண்டபம் ஒன்றுதான். 1999இல் விளையாட்டு அட்டைப் பெட்டியில், குறுந்தகட்டில் வந்தது. கடையில் பத்துப் பெட்டி வந்தால் பதினோராவது ஆளுக்குக் கிடைக்காது. அன்று முன்பதிவுக்கு ஓர் அர்த்தம் இருந்தது. இன்று விளையாட்டு கம்பி வழியாக இறங்குகிறது. தீர்ந்துபோனது என்ற பேச்சே கிடையாது. தீராத சரக்குக்கு எதற்கு முன்பதிவு? "முன்பே வாங்கினால் ஒரு வண்ணப்பூச்சு இலவசம், அதிக விலைப் பதிப்பை வாங்கினால் மூன்று நாள் முன்னதாக விளையாடலாம்" என்றெல்லாம் பல நிறுவனங்கள் ஆசை காட்டுகின்றனவே, ஏன்? சரக்குக்கு இல்லாத தட்டுப்பாட்டை நம் பொறுமையில் உண்டாக்கத்தான்.

இந்த வழி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2012இல் பொதுமக்கள் நிதியில் தொடங்கிய 'ஸ்டார் சிட்டிசன்' என்னும் விண்வெளி விளையாட்டு, 2014இல் வந்துவிடும் என்றுதான் ஆரம்பத்தில் பேசப்பட்டது. 2022இல் அது திரட்டிய தொகை 50 கோடி டாலரைத் தாண்டியபோதும் முழு விளையாட்டு வெளியாகியிருக்கவில்லை. கட்டி முடித்த பகுதிகளில் ஆயிரக்கணக்கானோர் உலாவுகிறார்கள், மகிழ்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் காத்திருப்பே நல்ல வருமானம் தரும் தொழிலாகிவிட்டால் அதை முடித்துவைக்க யாருக்கு அவசரம் இருக்கும்?

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதில் நியாயமும் உண்டு. நிகழ்நேர வியூக விளையாட்டுகளுக்கு முன்போல் மவுசு இல்லை. அதிலும் விண்வெளி என்றால் கூட்டம் இன்னும் குறைவு. ரசிகர்கள் முன்கூட்டி ஆதரவு காட்டாவிட்டால் எந்த முதலாளி இதில் பணம் போடுவார்? வகையே அழிந்துபோகாதா? இந்தக் கவலை எனக்கும் இருக்கிறது. ஆனால் ஆதரவு காட்ட முன்பணம் ஒன்றுதானா வழி? 'ஸ்டீம்' போன்ற விற்பனைத் தளங்களில் விருப்பப் பட்டியல் இருக்கிறது. அதில் பெயரைச் சேர்க்கக் காலணா செலவு இல்லை. ஆனால் எத்தனை பேர் எதிர்பார்க்கிறார்கள் என்று முதலாளிக்குத் துல்லியமாகத் தெரிந்துவிடும். பழைய பாகங்களை விலை கொடுத்து வாங்கலாம். அந்தப் பணம் கண்ணால் கண்ட பொருளுக்குப் போகும். நன்றாக இருந்தால் வெளிவந்த இரண்டாவது வாரத்தில் முழு விலை கொடுத்து வாங்கலாம். பதினைந்து நாள் தாமதத்தால் ஒரு நல்ல விளையாட்டு செத்துவிடாது. செத்துவிடும் என்றால் அதைக் கொன்றது வியாபார ஏற்பாடு. நம் நிதானம் அல்ல.

"பிடிக்காவிட்டால் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமே" என்பார்கள். 2015இல் ஸ்டீம் கொண்டுவந்த விதிப்படி, வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் திருப்பிக் கேட்கலாம். நல்ல விதிதான். ஆனால் இந்த வகை விளையாட்டில் விசைகள் கைக்குப் பழகவே அந்த இரண்டு மணி நேரம் போய்விடும். கதை தடுமாறுகிறது என்று தெரிய வரும்போது கெடு முடிந்திருக்கும். பந்தியில் உட்கார்ந்து இலையில் உப்பும் ஊறுகாயும் வைத்ததுமே சாப்பாடு எப்படி என்று சொல்லச் சொன்னால் எப்படி?

காத்திருப்பு உருப்படியாக நடந்த ஒரு கட்டமும் இதே கதையில் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் 'ஹோம்வேர்ல்டு 3'இன் ஒரு பகுதியை இலவச மாதிரியாக வெளியிட்டார்கள். விளையாடியவர்கள் கப்பலைக் கட்டுப்படுத்தும் முறையைப் பற்றியும் மற்றவை பற்றியும் குறைகளை வெளிப்படையாகச் சொன்னார்கள். நிறுவனம் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, அறிவித்த மார்ச் 8ஆம் தேதியைத் தள்ளிவைத்துத் திருத்தங்களைச் செய்தது. பலர் தேதி தள்ளிப்போனதற்காகக் கோபித்துக்கொண்டார்கள். நான் அதை மரியாதையாகவே நினைக்கிறேன். மாதிரியைக் காட்டு, நாங்கள் சொல்வதைக் கேள், நேரம் எடுத்துக்கொள், முடிந்த பிறகு விலை சொல். வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் நடுவே இருக்க வேண்டிய ஒழுங்கு இதுதான். ஒரு காலத்தில் கணிப்பொறிப் பத்திரிகைகளோடு இலவசமாக வந்த குறுந்தகடுகளில் இப்படித்தான் மாதிரி விளையாட்டுகள் வரும். ஆடிப் பார்த்துப் பிடித்தால் கடைக்குப் போவோம். அந்தப் பழக்கம் குறைந்து, அந்த இடத்தில் முன்னோட்டப் படங்கள் வந்து உட்கார்ந்துகொண்டன. மாதிரியில் நம் கை வேலை செய்கிறது. முன்னோட்டத்தில் நம் ஆசை மட்டும்தான் வேலை செய்கிறது.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. ஆவலை விட்டுவிடாதீர்கள். வரப்போகிற விளையாட்டைப் பற்றி நண்பர்களோடு மணிக்கணக்கில் பேசுங்கள். கப்பல்களை நோட்டுப் புத்தகத்தில் வரையுங்கள். இப்படி நடக்குமா அப்படி நடக்குமா என்று பந்தயம் கட்டுங்கள். அந்த இன்பத்துக்கு யாருக்கும் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை. விளையாட்டு வரட்டும். பதினைந்து நாள் பொறுங்கள். உங்களைப் போன்ற ரசனை உள்ள நாலு பேர் முழுவதும் ஆடி முடித்துச் சொல்வதைக் கேளுங்கள். பிறகு வாங்குங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை வந்து "இன்னும் வராத விளையாட்டுக்கு இப்போதே பணம் கட்ட வேண்டும்" என்று கேட்டால் எரிந்து விழாதீர்கள். உடனே அட்டையை எடுத்தும் நீட்டாதீர்கள். அந்த விளையாட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் சொல்வான், சொல்வாள். உட்கார்ந்து கேளுங்கள். பழைய பாகம் இருந்தால் அதை முதலில் வாங்கிக் கொடுங்கள். 'ஹோம்வேர்ல்டு'வின் புதுப்பித்த பதிப்பு போன்றவை தள்ளுபடி நாட்களில் மலிவாகவே கிடைக்கின்றன. அந்தப் பிள்ளை காரக்கிலிருந்து ஹீகாரா வரை ஒருமுறை போய் வரட்டும். புதியது வரும்போது எதை எதிர்பார்க்க வேண்டும் என்று அதற்கே தெரிந்திருக்கும்.

நாளைக்கே நான்காம் பாகம் வருகிறது என்று யாராவது அறிவித்தால் நானும் துள்ளிக் குதிப்பேன். முன்னோட்டத்தைப் பத்து முறை பார்ப்பேன். விருப்பப் பட்டியலில் முதல் ஆளாகப் பெயர் கொடுப்பேன். பணப்பையை மட்டும் விளையாட்டு வெளிவந்து இரண்டு வாரம் ஆன பிறகுதான் திறப்பேன்.